முந்திரிக்கொல்லையில் நான் காப்பாற்றிய பாம்பு

1

நேற்றுக் காலை வேலைக்குப் போகிற வழியில், ஆற்றோரச் சைக்கிள் பாதையில் எட்டுப் பேர் இறங்கி நின்றார்கள். விபத்தோ என்று நானும் இறங்கினேன். விபத்தில்லை. பாதையின் குறுக்கே ஒரு சாண் நீளத்துக்குச் செம்புக் கம்பி போல ஒன்று கிடந்தது. பார்வைக்குப் பாம்பு, உண்மையில் அது கால் இல்லாத ஒரு பல்லி. கடிக்காது, சீறாது, வேகமாக நகரக்கூடத் தெரியாது. எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் போக்குவரத்துக் காவலர் மாதிரி இரண்டு கைகளையும் விரித்து அதற்குக் காவல் நின்றார். மற்ற ஏழு பேரும் தொட்டில் குழந்தையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வேலைக்கு நேரமாகிறதே என்ற கவலை ஒரு முகத்திலும் இல்லை.

நான் புல்லில் இறங்கி, அதைச் சுற்றிக்கொண்டு போய்விட்டேன். பெரியவர் பின்னாலிருந்து கத்தினார்: "உங்களுக்கெல்லாம் இயற்கை மேல் மரியாதையே கிடையாதா?"

அந்த 'உங்களுக்கெல்லாம்' என்பதில் என் நிறம், என் நாடு, என் உச்சரிப்பு எல்லாம் அடக்கம். போன வருடம் இதே நாள்வரை அவர் இடத்தில் நான் நின்றிருப்பேன். கைகளை அவரைவிட அகலமாக விரித்திருப்பேன்.

நெய்வேலிக்குப் போய் வந்து சரியாக ஒரு வருடம் ஆகிறது. ஊருக்குப் போனால் என்ன கொண்டுவந்தாய் என்று இங்கே கேட்பார்கள். முந்திரிப்பருப்பு, பலாச்சுளை வற்றல் என்று சொல்லிவைத்தேன். உண்மையில் கொண்டுவந்தது என்ன என்பதை ஊரில் இருப்பவர்களுக்குத்தான் எழுத வேண்டும்.

2

நான் ஜெர்மனியின் மேற்கில் ஒரு சின்ன ஊரில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். தண்ணீர் பரிசோதனைக்கூடத்தில் வேலை. வந்த புதிதில், விசா அலுவலகத்தில் ஒரு அம்மாள் என்னைப் பார்த்து, "பாம்பின் கடைசியில் போய் நில்லுங்கள்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்கள் மொழியில் பாம்புக்கும் வரிசைக்கும் ஒரே சொல்தான் என்பது பிறகு வகுப்பில் தெரிந்தது. அந்தப் பாம்பின் வாலில் நான் எத்தனையோ விடிகாலைகள் நின்றிருக்கிறேன். ஒரு தாள் குறையும்; அதைக் கொண்டுபோனால் முதலில் கொடுத்த தாள் காலாவதி ஆகியிருக்கும்.

இப்படி நான் அலைந்த காலத்தில்தான் எங்கள் ஊரில் ஒரு சாலை விரிவாக்கத்தை நிறுத்திவைத்தார்கள். காரணம், அங்கே பல்லிகள் குடியிருந்தன. அவற்றை நோகாமல் பிடித்து வாளியில் போட்டு, வேறிடத்தில் கல்லடுக்கி, மணல் பரப்பி, வேலி கட்டிக் குடியேற்றினார்கள். அந்தப் பல்லிகளுக்கு நிரந்தரக் குடியுரிமை எனக்கு முன்னால் கிடைத்தது. இதில் கோபப்பட்டிருக்க வேண்டியவள் நான். ஆனால் நான் என்ன செய்தேன் என்றால், அந்த வாளி தூக்கும் சங்கத்தில் போய்ச் சேர்ந்தேன். இந்த ஊரில் நாலு பேர் என்னோடு சிரித்துப் பேச வேண்டுமானால் அதுதான் குறுக்குவழி என்று எனக்குப் பட்டது. பட்டது சரிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் போய்ப் பல்லி எண்ணினேன், தவளைகளைச் சாலைக்கு அந்தப்பக்கம் கடத்தினேன். 'ஊர்வன நண்பர்' என்று ஒரு சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினேன். என் பட்டச் சான்றிதழ் பரணில் கிடக்கிறது.

என் மகள் யாழினிக்குப் போன வருடம் பதினைந்து. ஆசையாக வைத்த பேர்; இங்கே பள்ளியில் 'யாட்சினி' ஆகிவிட்டது. தமிழ் புரியும், பேச வராது. பேசினால் செய்தி வாசிப்பதுபோல வரும். பூச்சிகளின் லத்தீன் பெயர்கள் மட்டும் தண்ணீர் பட்ட பாடு. ஓணான் என்று சொல்ல வராது, அதன் லத்தீன் பேர் வரும். இதையும் நான் ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

3

ஈஸ்டர் விடுமுறைக்கு நானும் அவளும் மட்டும் கிளம்பி என் தம்பி குமரன் வீட்டுக்கு வந்தோம். அவன் நெய்வேலி நிலக்கரி மைன்ஸில் பெர்மனன்ட். குவார்ட்டர்ஸில் இரண்டு சைக்கிள் இருந்தது; ஒன்று அவன் ஷிப்டுக்குப் போய் வந்த பழைய கறுப்புச் சைக்கிள், இன்னொன்று அவன் மகள் காலேஜுக்குப் போனபின் சும்மா கிடந்த லேடீஸ் சைக்கிள். இரண்டுக்கும் காற்றடித்தோம். காலை ஐந்தரைக்கெல்லாம் கிளம்பிவிடுவோம்.

டவுன்ஷிப் சாலைகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அகலம், நிழல், ஆளில்லை. வாக்கிங் போகிற ரிட்டயர்டு அதிகாரிகள் மட்டும் கையில் கம்போடு வருவார்கள். நாய்க்கு என்பார்கள், நாய் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது. நாங்கள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு போனதால் எங்களைத்தான் நாய் பார்த்தது.

யாழினிக்குத் திருவிழா. காம்பவுண்டுச் சுவருக்கு ஒரு ஓணான், சாக்கடைப் பாலத்துக்கு ஒரு அரணை. குழாய்ப் பாதை ஓரத்தில் ஒரு உடும்பு எங்களைப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல், ஷிப்ட் முடிந்து போகிற ஆள் மாதிரி நடந்து போனது. ஒரு குளவி என் ஹெல்மெட்டுக்குள் புகுந்து நெற்றியில் கொட்டியது. வீங்கிய நெற்றியோடு நான் மகளுக்குக் குளவியின் நன்மைகளைப் பற்றி வகுப்பெடுத்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம் மழை பெய்து ஓய்ந்ததும் விளக்குக் கம்பங்களைச் சுற்றி ஈசல் புகைந்தது. வாயைத் திறந்து சிரித்துக்கொண்டே ஓட்டிய யாழினி ஒன்றை விழுங்கிவிட்டாள்.

"வறுத்துத் தின்னவங்க நாம. பச்சையா தின்ன மொத ஆளு ஒம் பொண்ணுதான்" என்றான் குமரன்.

டவுன்ஷிப்போடு நின்றிருந்தால் கதை இதோடு முடிந்திருக்கும். மூன்றாம் நாள் நான் சைக்கிளை வெளியே திருப்பினேன். முத்தாண்டிக்குப்பம் போகிற பக்கம், சாலைக்கு இரண்டு புறமும் முந்திரிக்கொல்லை. பழம் உதிர்கிற காலம். காற்றில் புளித்த வாசனை. குமரன் முன்னமே சொல்லியிருந்தான்: "ரோட்டோட போயிட்டு ரோட்டோட வாக்கா. கொல்லைக்குள்ள எறங்காத. சருகுக்குள்ள என்னா கெடக்கும்னு தெரியாது."

"எனக்குத் தெரியும். நான் படிச்சிருக்கேன்" என்றேன். எதைப் படித்தேன்? விஷப்பாம்பைக் கண்ணால் பார்க்கப் பல மணி நேரம் ரயிலில் போக வேண்டிய ஊரில், இரண்டு வார இறுதி வகுப்பு.

4

கொல்லைக்குள் ஐந்தாறு பெண்கள் கூச்சலிட்டுக்கொண்டிருந்தார்கள். கொட்டை பொறுக்க வந்தவர்கள். இரண்டு பேர் கையில் கம்பு. நான் சைக்கிளைக் கிடத்திவிட்டு ஓடினேன். யாழினி போனை எடுத்துப் படம் பிடித்தபடியே பின்னால் வந்தாள்.

மரத்தடியில் சுருண்டு கிடந்தது. தடித்த உடம்பு, மண் நிறம், முதுகில் பழுப்பு வட்டங்கள். நான் ஒரே பார்வையில் முடிவு செய்துவிட்டேன். யாழினியின் போனிலிருந்த செயலியும் அதையே சொன்னது: மலைப்பாம்பு. பக்கத்தில் பச்சை டிக் வேறு.

"அடிக்காதீங்க! இது மலைப்பாம்புக் குட்டி. விஷமே கிடையாது" என்று நடுவில் போய் நின்றேன்.

எல்லோருக்கும் மூத்தவள் போலிருந்த ஒருத்தி கம்பைத் தாழ்த்தாமலே சொன்னாள்: "மலப்பாம்பா? இங்க ஏதுங்க மல? மைன்ஸ்ல தோண்டிக் கொட்டன மண்ணு மலதான் இருக்குது. நவுருங்க. இது கண்ணாடி வெரியன்."

"பெரியம்மா, பயத்தில எல்லாம் விரியனாத்தான் தெரியும். நான் இதுக்குன்னே படிச்சவ."

"சத்தத்தக் கேளுங்க, குக்கராட்டம் சீறிகினு இருக்குது. மலப்பாம்பு இப்பிடியா சீறும்?"

சீறிக்கொண்டுதான் இருந்தது. எனக்கும் கேட்டது. ஆனால் அதற்குள் நான் வெகுதூரம் பேசிவிட்டிருந்தேன். அவர்கள் அசையவில்லை என்றதும் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "என் பொண்ணு வீடியோ எடுத்துக்கிட்டு இருக்கா. பாம்பை அடிக்கிறது சட்டப்படி குத்தம். இது ஃபாரஸ்ட் ஆபீசுக்குப் போனா நீங்கதான் பதில் சொல்லணும்."

கம்புகள் இறங்கின. என் அறிவுக்கு இறங்கவில்லை, போனுக்கு இறங்கின. முகத்தை முந்தானையால் மறைத்துக்கொண்டு இரண்டு பேர் பின்னால் நகர்ந்தார்கள். நான் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். எலி, பயிர், இயற்கைச் சமநிலை என்று இரண்டு நிமிடம் பேசினேன். பேசி முடிப்பதற்குள் பாம்பு நிதானமாக நகர்ந்து, கூட்டிவைத்திருந்த சருகுக் குவியலுக்குள் போய்விட்டது.

பெரியம்மா என்று நான் அழைத்தவள் அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க பிளேன் ஏறிப் போயிருவீங்க. நாங்க நாளைக்கும் இங்கதான் குந்திகினு பொறுக்கணும்" என்றாள். யாழினி அவளைப் பார்த்து, "நன்றி, ஆயா" என்றாள். வயதான பெண்களை அப்படித்தான் அழைக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் வீடியோவைச் சங்கத்தின் குழுவுக்கு அனுப்பினேன். இதயங்களும் கைதட்டல்களுமாக வந்து விழுந்தன. 'இந்தியாவில் எங்கள் தூதுவர்' என்று தலைவர் எழுதினார். குமரன் ஷிப்ட் முடித்துவந்த களைப்பில் அரைக்கண்ணால் பார்த்தான். "வெரியன் மாதிரி இருக்கேக்கா" என்றான்.

"உனக்கு நிலக்கரி தெரியும். இதை என்கிட்ட விடு."

அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னான்: "நீ சொன்னது அத்தனையும் கரெக்ட்டாவே இருக்கட்டும். அவங்க கிட்டப் போயி சட்டம் பேச நீ யாரு? நம்ம அம்மா கல்யாணத்துக்கு முன்ன எங்க பொறுக்கிச்சு, தெரியுமில்ல?"

தெரியும். அதே கொல்லைகளில்தான். அப்பா பெர்மனன்ட் ஆனபிறகு அம்மா அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. நானும் எடுத்ததில்லை. எங்கே பொறுக்கினாள், எப்படிப் பொறுக்கினாள், பாம்பு வந்தால் என்ன செய்தாள் என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. அதற்குப் பதில் ஜெர்மனியில் வகுப்புக்குப் போனேன்.

5

மறுநாள் காலை யாழினி சைக்கிளைத் தொடவில்லை. போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். வீடியோவை ஒரு இடத்தில் நிறுத்திப் பெரிதாக்கி வைத்திருந்தாள்.

"அம்மா, வட்டங்கள் பாரு. ஒரே மாதிரி. வரிசையாக. சங்கிலி போல" என்றாள் தமிழில். மிச்சத்தை ஜெர்மனில் கொட்டினாள். மலைப்பாம்புக்கு அப்படி இருக்காது, அதன் திட்டுகளுக்கு ஒழுங்கே கிடையாது, இது விரியன், அந்த ஆயா சொன்னதுதான் சரி.

பார்த்தேன். ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. எனக்கு அப்போது வந்தது பயமில்லை என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும். வந்தது வெட்கம். அந்தப் பெண்களின் முன்னால் போய், நான் சொன்னது தப்பு, நீங்கள் சொன்னதுதான் சரி, அந்தக் குவியலில் கை வைக்காதீர்கள் என்று சொல்வதை நினைத்தாலே காது சுட்டது. குழுவில் அதற்குள் இன்னும் இதயங்கள் வந்திருந்தன.

"போய்ச் சொல்லணும்" என்றாள் யாழினி.

"அவங்களுக்குத்தான் அது விரியன்னு ஏற்கெனவே தெரியுமே. ஜாக்கிரதையாத்தான் இருப்பாங்க" என்றேன். எவ்வளவு நல்ல வாதம், பாருங்கள். முந்தைய நாள் அவர்கள் அறிவை மதிக்காதவள், ஒரே இரவில் முழுதாக மதிக்கத் தொடங்கிவிட்டேன். அன்று சைக்கிளை எதிர்ப்பக்கம் திருப்பினேன். டவுன்ஷிப்புக்குள்ளேயே பிளாக் பிளாக்காகச் சுற்றினோம். வழியெல்லாம் யாழினி ஒரு ஓணானைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் நான் எழுந்தபோது அவள் வாசலில் லேடீஸ் சைக்கிளோடு நின்றாள். "நீ வராவிட்டால் நான் தனியாகப் போவேன்" என்றாள். போனோம்.

கொல்லை வாசலிலேயே தெரிந்துவிட்டது. பெரியம்மா தரையில் சாய்ந்து கிடந்தாள். வலது கணுக்காலுக்கு மேலே இரண்டு புள்ளி. அதைச் சுற்றிப் பாதம் அதற்குள் ஊதத் தொடங்கியிருந்தது. இளையவள் ஒருத்தி, சரசு என்று பேர், பெரியம்மாவின் தம்பி பெண்டாட்டி, கயிறு எடுத்துக் காலில் கட்டப்போனாள்.

"கட்டாதீங்க, கட்டாதீங்க!" என்றேன்.

சரசு நிமிர்ந்து பார்த்தாள். அடையாளம் தெரிந்தது. "நீ வாயத் தொறக்காத!" என்றாள். அந்தச் சொல்லுக்கு நான் தகுதியானவள்தான். ஆனால் கயிறு விஷயத்தில், என் துரதிர்ஷ்டம், நான் சொன்னதுதான் சரி. என்னைக் கேட்க ஆளில்லை. யாழினி மண்டியிட்டு சரசுவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம் அக்கா. தயவுசெய்து. ஆஸ்பத்திரி. உடனே" என்றாள். செய்தி வாசிக்கும் அந்தத் தமிழுக்கு அவள் கயிற்றைக் கீழே போட்டாள்.

நான் சாலைக்கு ஓடி, பலாப்பழம் ஏற்றிவந்த ஒரு குட்டியானை வண்டியை மறித்தேன். டிரைவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. பாதிப் பழத்தைச் சாலையோரம் இறக்கிவிட்டு இடம் செய்தான். கொல்லையிலிருந்து பெரியம்மாவை நடக்கவிடாமல் நாலு பேர் தூக்கிவந்து படுக்கவைத்தார்கள். காலை ஆடவிடாமல் சரசு மடியில் வைத்துக்கொண்டாள். பலாப்பழங்களுக்கு நடுவே நானும் யாழினியும் ஒட்டிக்கொண்டோம். சைக்கிள்கள் கொல்லையிலேயே கிடந்தன. பெரியம்மா ஒருமுறை கண்ணைத் திறந்து, "என் பொட்டலத்துல சோறு இருக்குது, யாரனா எடுத்துத் தின்னுடுங்கடி. வீணாவப்போவுது" என்றாள்.

6

அவசரப் பிரிவில் இளம் டாக்டரம்மா ஒருவர் இருந்தார். ரத்தம் எடுத்துச் சின்னக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி அசையாமல் வைத்தார்கள். உறைகிறதா என்று பார்க்க. டாக்டர் காலை அழுத்திக்கொண்டே கேட்டார்: "என்ன பாம்புன்னு யாராவது பாத்தீங்களா?"

சரசு என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். யாழினி போனை நீட்டினாள்.

வீடியோ ஓடியது. சத்தத்தைக் குறைக்க அவளுக்குத் தோன்றவில்லை. அந்த வார்டு முழுக்க, டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, என் குரல் கணீரென்று வந்தது: "இது மலைப்பாம்புக் குட்டி. விஷமே கிடையாது… பெரியம்மா, பயத்தில எல்லாம் விரியனாத்தான் தெரியும்… இதுக்குன்னே படிச்சவ…" என் குரல் எனக்கு அவ்வளவு பிடிக்காமல் போனது அன்றுதான். உள்ளூர்த் தமிழும் இல்லை, வெளியூர்த் தமிழும் இல்லை. மேடையில் மைக் பிடித்தவளின் தமிழ்.

"கண்ணாடி விரியன்" என்றார் டாக்டர், நர்ஸைப் பார்த்து. பிறகு போனைக் காட்டி, "யாரு இது, பேசறது?"

"நான்தான்" என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு அழுதிருக்கலாம். அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

சீட்டில் விவரம் எழுதும்போது நர்ஸ் பேரும் வயதும் கேட்டாள். சரசு சொன்னாள்: "பாக்கியம். நாப்பத்தி நாலு."

எனக்கு நாற்பத்தேழு.

குழாயில் ரத்தம் உறையவில்லை. விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். அன்று முழுக்க ஈறில் ரத்தம் கசிந்தது. சிறுநீரகத்தைப் பற்றிக் கவலையாக இருப்பதாக டாக்டர் சொன்னார்; கால் தொடைவரை கறுத்து வீங்கியது. இரண்டு நாள் நான் அந்த வராண்டாவில் இருந்தேன். உறவா என்று செக்யூரிட்டி கேட்டபோதெல்லாம் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். யாழினி ஆஸ்பத்திரியை விட்டு நகரவில்லை. டீ வாங்கிவந்தாள், மருந்துச் சீட்டைக் கொண்டு ஓடினாள், சரசுவின் கைக்குழந்தையைத் தூக்கிவைத்துக்கொண்டு அதற்கு ஜெர்மன் பாட்டுப் பாடினாள். மூன்றாம் நாள்தான் சிறுநீர் சரியாகப் போகிறது, இனி பயமில்லை என்றார்கள். என்னை முந்திக்கொண்டு யாழினிதான் உட்கார்ந்து அழுதாள்.

அன்று சாயங்காலம் பாக்கியத்தின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மேடையில் பேசுவதற்குத் தயார்செய்த சொற்பொழிவு மாதிரி ஒரு மன்னிப்பு என்னிடம் இருந்தது. பாதிவரை சொன்னேன். பிறகு, எனக்கே தெரியாமல், என் வாயிலிருந்து இது வந்தது: "அது அதே பாம்புன்னு சொல்ல முடியாது. வேற பாம்பாக்கூட இருக்கலாம்."

பாக்கியம் மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

"இருக்கலாங்க. நல்லா இருக்கலாம். நீங்க அப்பிடியே வச்சிக்குங்க."

பிறகு அவளே சொன்னாள்: "ஒங்க பொண்ணு எல்லாத்தியும் சொல்லிடுச்சு. கடிக்கறதுக்கு மொத நாளே வெரியன்னு தெரிஞ்சிபோச்சாமே. நீங்கதான் வேற ரோட்டுல இட்டுகினு போனீங்களாம்."

"ஆமா."

"ஏங்க?"

"வெட்கமா இருந்துது."

அவள் சிரித்தாள். உதடு வெடித்திருந்ததால் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் சிரித்தாள். "என்னாடி சரசு, கேட்டுக்க. இவங்களுக்கு வெக்கமா இருந்துதாம்." பிறகு என்னிடம், "போங்க, போயி சாப்புடுங்க. மூணு நாளா வராண்டாவுல நின்னுகினு இருக்கீங்க. நீங்க நின்னா எங்காலு வத்தப்போவுதா? அந்தப் பாப்பாவ மட்டும் இங்க வுட்டுட்டுப் போங்க. அது பேசறது நல்லாருக்குது."

7

கிளம்புவதற்கு முந்தின நாள் சைக்கிள்களை எடுத்துவரப் போனோம். சரசுவின் வீட்டில் பத்திரமாக வைத்திருந்தார்கள். பாக்கியம் மறுநாள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. சரசு முகம் கொடுத்துப் பேசினாள், டீ கொடுத்தாள். யாழினிக்காகத்தான். சைக்கிளை உருட்டிக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் கொல்லை ஓரமாகச் சாலைக்கு வந்துகொண்டிருந்தபோது முன்னால் பெண்கள் கூப்பிட்டார்கள்.

கொல்லைக்கு வேலியாகக் கட்டியிருந்த நீல நைலான் வலையில் ஒரு பாம்பு மாட்டிக்கொண்டிருந்தது. நீளம், ஆள் உயரத்துக்கு மேலே. மஞ்சள் கலந்த பழுப்பு. வலைக்கண் உடம்பில் இறுகி, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் முறுக்கிக்கொண்டிருந்தது. பெரிய உருண்டைக் கண். உதட்டோரம் கறுப்புக் கோடுகள். சாரை. சந்தேகமே இல்லை. செயலி வேண்டாம், சான்றிதழ் வேண்டாம். ஒரு கத்தரிக்கோல் இருந்தால் போதும்.

ஒருத்தி கையில் மண்வெட்டி இருந்தது. அவள் ஓங்கவில்லை. சரசுவைப் பார்த்தாள். சரசு எட்டி நின்று பார்த்துவிட்டு, "சாரை மாதிரிதான் இருக்குது. ஆனா இப்பல்லாம் எதையும் நம்ப முடியல" என்றாள்.

யாழினி சைக்கிளைக் கீழே போட்டாள். "விஷம் இல்லை. இது சாரை. விஷம் இல்லை, அக்கா" என்றாள்.

சரசு என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். உண்மையாகவே கேட்டாள்: "பாப்பா சொல்றது நெசமாங்க? சொல்லுங்க. வுட்டுர்லாமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் குரல் வார்டில் கேட்டதுபோல என் காதுக்குள் கேட்டது. கறுத்த கால் கண்முன் வந்தது. தப்பாகப் போனால் மறுபடி அந்த வராண்டா. சரியாகப் போனாலும், 'இப்போதும் வந்து பேசுகிறாள் பார்' என்று ஒருத்தியாவது நினைப்பாள்.

"எனக்குத் தெரியல" என்றேன்.

யாழினி என்னைப் பார்த்த பார்வையை என்னால் இங்கே எழுத முடியாது. சரசு ஒரு நொடி யோசித்தாள். பிறகு மண்வெட்டி வைத்திருந்தவளைப் பார்த்துத் தலையசைத்தாள். இரண்டு அடி. வலை அறுந்தது, பாம்பும் அறுந்தது.

"சாரைதான் போல. தொங்கவுட்டா தெரியுது" என்றாள் ஒருத்தி. "செரி, போவட்டும்" என்றாள் இன்னொருத்தி. அவர்களுக்கு வேலை கிடந்தது. நான் கூப்பிடக் கூப்பிட யாழினி தனியாகச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது அவள் பெட்டி அடுக்கி முடித்திருந்தாள். நான் கதவருகே நின்றேன். முதுகைத் திருப்பாமல், ஜெர்மனில், மிகவும் மரியாதையாக, அலுவலகத்தில் ஒரு அதிகாரி கேட்பதுபோலக் கேட்டாள்: உங்களுக்கு அது என்ன பாம்பு என்று உண்மையிலேயே தெரியாதா?

"தெரியும்" என்று தமிழில் சொன்னேன்.